கூடை வந்துருச்சு, ராக்கு வந்தாளா?

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஞாயிறு காலை நான் கொழும்பில் இறங்கினேன். என் பெட்டி இறங்கவில்லை.

2. வீட்டுக்குத் தகவல் அனுப்பினேன். அப்பாவின் பதில்: “ராக்கு வந்துட்டா. கூடை எங்க?”

3. திங்கட்கிழமை மாத்தளையில் ஒரு மிளகு ஆலையில், நிறம் பார்த்துக் கல்லையும் குப்பையையும் பிரிக்கும் இயந்திரத்தைப் பொருத்தத் தொடங்கினேன். அதற்காகத்தான் என் கோயம்புத்தூர்க் கம்பெனி என்னை அனுப்பியிருந்தது.

4. அன்று மாலையே ஆலையின் கம்ப்ரெஸர் நின்றுபோனது.

5. செவ்வாய்க்கிழமை வேலை இல்லாததால் எல்கடுவைக்குப் போனேன். அப்பா என்னைப் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. போனால் யாரையும் ஒன்றும் கேட்காதே என்றுதான் சொல்லியிருந்தார்.

6. கேட்டேன்.

7. ஒரு அம்மாள் குடித்துக்கொண்டிருந்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இரண்டாவதை விளக்காமல் மேலே போக முடியாது.

எங்கள் வீடு கோத்தகிரியில். அப்பா இலங்கையில் எல்கடுவையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் குடும்பத்தோடு கப்பலேறி இந்தியாவுக்கு வந்தவர். இங்கேயும் தேயிலையில்தான் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒரு வாக்கியம் மட்டும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது வாயில் வந்துவிடும்: “கூடை வந்துருச்சு, ராக்கு வந்தாளா?”

பொருள் வந்து ஆள் வராத இடங்களிலெல்லாம் அதைச் சொல்வார். வாசலில் தம்பியின் செருப்பைப் பார்த்து அவன் வந்துவிட்டான் என்று அம்மா சோறு போட்டு வைப்பாள். அவன் வெறுங்காலோடு பக்கத்து வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பான். அப்பா சொல்வார். என் மதிப்பெண் பட்டியல் தபாலில் வந்தபோது அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். பாடம் மண்டையில் ஏறியதா என்று அர்த்தம். எனக்கு வந்த ஒரு வரனில், பழத்தட்டு, ஜாதகம், அத்தை, சித்தப்பா எல்லாம் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு மட்டும் அன்று ஏதோ அவசர வேலை. அப்பா அவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார். அந்த வரன் அத்தோடு நின்றது. எனக்கு வருத்தம் இல்லை.

யார் அந்த ராக்கு என்று அம்மா கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள். “அது சும்மா சொல்றது” என்பார். அம்மா அதை நம்பவில்லை. அவளுடைய கணக்கில் ராக்கு இரட்டை ஜடை போட்டவள், சிவப்பு, அப்பாவைவிட இரண்டு வயது சிறியவள்.

ஒரு இயந்திரம் ஒரே பிழைச்செய்தியைத் திரும்பத் திரும்பக் காட்டினால் அதைப் பழக்கம் என்று எடுத்துக்கொள்ள என் படிப்பு விடாது. மாத்தளைக்கு வேலை வந்ததும், அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்தேன். அப்பாவிடம் சொன்னபோதுதான் “யாரையும் ஒண்ணும் கேக்காத” என்றார். சும்மா சொல்கிற ஒன்றுக்கு அவ்வளவு எச்சரிக்கை தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாத்தளைக்கு வந்து சேர்ந்ததும் முதலில் மாற்றுத் துணி வாங்கினேன். பிறகு ஒரு பேக்கரியில் தேநீர் கேட்டேன். கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பற்றிஸ், முக்கோண ரொட்டி என்று எட்டு வகை கொண்டுவந்து வைத்தார்கள். விருந்தோம்பல் பலமாக இருக்கிறதே என்று மரியாதைக்கு நான்கு வரை தின்றேன். அப்புறம்தான் பக்கத்து மேசையைப் பார்த்தேன். அந்த மனிதர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். மிச்சத்தைப் பரிமாறுபவர் அப்படியே அடுத்த மேசைக்கு நகர்த்தினார். கோயம்புத்தூரில் தட்டில் வைத்தது நம்முடையது. இங்கே தொட்டது மட்டும்தான். இரவு சாப்பாடு தேவைப்படவில்லை.

ஆலை முதலாளி நஸார் நானா. நானா என்றால் அண்ணன். வயதில் அப்பாவுக்குத் தம்பி போல இருந்தாலும் ஊரே நானா என்பதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை மகள் என்றார். இந்த உறவுமுறை யாருக்கும் குழப்பமாக இல்லை. இயந்திரத்தில் விழும் மிளகைக் கேமரா பார்க்கும். கல்லாக இருந்தால் ஒரு பொட்டுக் காற்று அதைத் தட்டிவிடும். காற்றைக் கொடுப்பது கம்ப்ரெஸர். அது திங்கள் மாலை நான்கு மணிக்கு இருமிவிட்டு நின்றது.

“மகள், கண்டியிலயிருந்து சாமான் வாற வரைக்கும் நீங்க சும்மாதான் ஈக்கணும்” என்றார் நஸார் நானா. அவர் பேச்சில் இருக்கணும் என்பது ஈக்கணும். “நாளைக்கு ரிவர்ஸ்டன் மலைக்குப் போய்ட்டு வாங்க. நல்ல காத்து.”

“நான் எல்கடுவ போகலாம்னு இருக்கேன்.”

“எல்கடுவயில என்ன ஈக்கி?”

“அப்பா பொறந்த ஊரு.”

“அப்ப சரி. வாப்பா பொறந்த ஊருக்கு முன்னால ரிவர்ஸ்டன் எம்மாத்திரம்” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “ஆனா காத்து அங்கதான்” என்றார்.

செவ்வாய்க்கிழமை என்னை ஏற்றிப்போன முச்சக்கர வண்டி செல்வம் அண்ணனுடையது. அவரும் எல்கடுவைப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். உக்குவளை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டி மூச்சு வாங்கியது. இரண்டு இடத்தில் என்னை இறங்கி நடக்கச் சொன்னார். மூன்றாவது இடத்தில் தள்ளச் சொன்னார்.

“கோச்சிக்காதீங்க மிஸ். இதுவும் என்னைய மாதிரி. சாப்பிட்டாத்தான் ஏறும்.”

“சாப்பிடலையா?”

“பெட்ரோல் போட்டேன். நான்தான் சாப்பிடல.”

வழியில் ஒரு கடையில் ரொட்டியும் கட்டசம்பலும் வாங்கிச் சாப்பிட்டோம். சம்பலில் மாசிக்கருவாட்டைவிட மிளகாய் அதிகம். எனக்குக் காதில் புகை வந்தது. அவர் பார்த்துச் சிரித்துவிட்டு, “இந்தியாவுல மிளகாய் இல்லியா மிஸ்?” என்றார்.

எல்கடுவையைப் பார்த்ததும் எனக்குக் கோத்தகிரி நினைவு வந்தது. அதைத் தவிர பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அதே பச்சை, அதே சரிவு, அதே அட்டை. வித்தியாசங்களைக் குறித்துக்கொண்டேன். இங்கே மலைக்கு எண்தான் பெயர்: ஏழாம் நம்பர் மலை, பன்னிரண்டாம் நம்பர் மலை. கூடை முதுகில், அதன் கயிறு நெற்றியில். பெண்கள் இடுப்பில் படங்கு என்று ஒரு சாக்குத் துணியைக் கட்டியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பிளாஸ்டிக் வந்துவிட்டது.

கொழுந்து மடுவத்தில் மத்தியான நிறுவை நடந்துகொண்டிருந்தது. கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு மடுவம் என்று பெயர். ஒவ்வொரு பெண்ணும் தன் கூடையோடு வந்து நின்றாள். தராசில் ஏறியது போதுமான எடை என்றால் அன்றைக்குப் பேர். குறைந்தால் அரைப் பேர், அரைக் கூலி. வேலைக்கு வந்தேன் என்பதை இங்கே “பேர் விழுந்துச்சு” என்கிறார்கள். எழுதுகிறவர் பேர் போடுகிறார். ஒருத்திக்கு அரைப் பேர் என்றதும் பக்கத்திலிருந்தவள், “நேத்து மாமியார் வந்திருந்திச்சில்ல, அதான் கை நடுங்குது” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அரைப் பேர்க்காரியும் சிரித்தாள்.

செல்வம் அண்ணன் என்னை அறிமுகப்படுத்தினார்: “இந்தியா மிஸ். இவங்க அப்பா நம்ம தோட்டந்தான்.” தேநீர் கொடுத்தார்கள். அப்பா பெயரைச் சொன்னேன்: பெருமாள் மகன் தங்கராசு. இளம் பெண்கள் யாருக்கும் தெரியவில்லை, தெரிந்திருக்க நியாயமில்லை. மூலையில் அறுபது தாண்டிய ஒரு அம்மாள், மகளுக்குச் சோறு கொண்டுவந்தவர், உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பெயர் முத்தம்மா.

“எங்க அப்பா அடிக்கடி ஒண்ணு சொல்வார். அது இங்க இருந்து வந்ததான்னு கேக்கணும்” என்று அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

இளம் பெண்கள் சிரித்தார்கள். “யாரு ராக்கு, உங்க அப்பாவுக்கு சின்ன வீடா?” என்றாள் ஒருத்தி. நான் அம்மாவின் சார்பில் அதைக் குறித்துக்கொண்டேன்.

முத்தம்மா சிரிக்கவில்லை. தேநீரைக் கீழே வைத்தார். “எந்த ராக்கு? எனக்கு எந்த ராக்குவையும் தெரியாது. யாரு கூடையும் தெரியாது” என்றார். நான் அவரைக் கேட்கவே இல்லை. சோற்றுப் பாத்திரத்தை மகளிடம் கொடுக்காமலே லயத்தைப் பார்த்து நடந்தார். மகள், “அம்மா! சோத்தக் குடுத்துட்டுப் போ!” என்று பின்னால் ஓடினாள்.

மாலை விடுதி முற்றத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். எல்கடுவைக்குப் போனேன் என்றேன்.

“மழையா?”

“இல்ல. வெயில்.”

“கேட்டியா?”

“கேட்டேன். முத்தம்மான்னு ஒருத்தங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க.”

அவர் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப்போடும் சத்தம் கேட்டது. பிறகு அவராகவே சொன்னார். இத்தனை நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அவருக்கு அப்போது பத்தொன்பது. எட்டாவது வரை படித்திருந்ததால், தோட்டத்துக் கணக்கப்பிள்ளை காய்ச்சலில் படுத்த வாரம், பேர் போடும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். சாயங்கால நிறுவை முடிந்ததும், எல்லோரும் மலையிலிருந்து இறங்கியாயிற்றா என்று பார்த்துத்தான் மடுவத்தைப் பூட்ட வேண்டும். பனி மூடுகிற மலை. பள்ளம் உண்டு, சிறுத்தை உண்டு. அவர் பொறுப்பில் முப்பத்திரண்டு பெண்கள்.

அன்று மழை. மழை நாளில் பெண்கள் கூடையை வரிசையாக வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். ஒவ்வொரு கூடையின் கயிற்றிலும் அடையாளத்துக்கு ஒரு நிறத் துணி இருக்கும். துணியைப் பார்த்துப் பேர் போட்டுவிடுவது வழக்கம். எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான். அப்பாவும் போட்டார். முப்பத்திரண்டு கூடை. மஞ்சள் துணி கட்டிய ராக்குவின் கூடையும் இருந்தது. “எல்லாம் சரி” என்று சொல்லிப் பூட்டினார்.

இருட்டும் நேரத்தில் ராக்குவின் அம்மா லயத்துக்கு வந்து இவரிடம் கேட்டார்: “தம்பி, கூடை வந்துருச்சு. ராக்கு வந்தாளா?”

இரண்டு நாள் தேடினார்கள். இவரும் தேடினார். மூன்றாம் நாள் விடியற்காலையில் இவர் குடும்பம் கண்டிக்குப் போய் ரயிலேற வேண்டியிருந்தது. தேதி முன்பே குறித்துக் கொடுத்தது. ஏறினார்கள். அதன் பிறகு என்ன ஆனது என்று அவருக்குத் தெரியாது.

“ஒரு தடவதான் எண்ணுனேன் பாப்பா. மழைன்னு விட்டுட்டேன். ரெண்டாந்தரம் எண்ணியிருக்கணும்.”

கூடையை எண்ணுகிற வரையில் இரண்டாம் தரமும் முப்பத்திரண்டுதான் வந்திருக்கும். அதை நான் சொல்லவில்லை. ஆறுதலாக இருந்திருக்காது.

“அங்க இருந்து பிறகு கப்பலேறி வந்தவங்க யாரையாவது கேட்டிருக்கலாமேப்பா?”

“கேட்டா சொல்லிருவாங்களே” என்றார்.

எல்கடுவை ஆட்கள் வரும் கல்யாணங்களுக்கு அப்பா ஏன் போவதில்லை என்று எனக்கு அப்போது விளங்கியது. தலைவலி என்பார். அம்மா மட்டும் மொய்க்கவரோடு போய் வருவாள். நாங்கள் சின்ன வயதிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தது ஒரு கேள்வி. யாரிடமும் கேட்க முடியாததால் செருப்பிடமும் மதிப்பெண் பட்டியலிடமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

வைக்கும் முன் சொன்னார்: “போதும், இனி கேக்காத.” நான் சரி என்று சொல்லவில்லை.

புதன்கிழமை கண்டியிலிருந்து சாமான் வந்தது. கம்ப்ரெஸர் ஓடியது. இயந்திரம் முதல் ஒரு மணி நேரம் நல்ல மிளகையும் கல் என்று தள்ளியது. கண்ணாடியில் எண்ணெய் படிந்திருந்தது. துடைத்தேன். நஸார் நானா தள்ளப்பட்ட மிளகை அள்ளிப் பார்த்து, “இது என்ன, எங்கட மாமி மாதிரி எல்லாத்துலயும் குறை காணுது” என்றார். மத்தியானம் சோறு அவர் வீட்டிலிருந்து வந்தது: பலாக்காய்க் கறி, கருவாடு, வல்லாரைச் சம்பல். வல்லாரை எங்கள் பக்கம் மருந்துக் கடையில் இருக்கும். இங்கே கட்டுக்கட்டாகக் கறிச்சாமான்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது செல்வம் அண்ணன் வந்தார். முகத்தில் ரகசியம் வைத்திருக்கும் மனிதரின் பெருமை.

“முத்தம்மாக்கா இன்னைக்கு விடியக்காலையில எங்க மாமியார் வீட்டுக்கு வந்திச்சாம். ராத்திரி பூரா தூங்கலியாம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னிச்சு.”

“என்ன?”

“தம்புள்ள ரோட்டுல நாலந்தாவுக்குப் போகணுமாம். கெடிகேன்னு பழைய கல்கோயில், அதுக்குத் திரும்புற சந்திக்குக் கிட்ட வடைக்கடை. ராணி அக்கான்னு கேக்கணுமாம்.” விரலை மடக்கி எண்ணினார். “இன்னொண்ணு. கூடையத் தூக்குனது யாருன்னு அங்க பேச்சு வந்தா, முத்தம்மாக்கா பேர எடுக்கக் கூடாதாம்.”

“கூடையத் தூக்குனது அவங்களா?”

“பேர நான் எடுக்கல மிஸ், நீங்கதான் எடுத்தீங்க” என்றார்.

வியாழக்கிழமை சோதனை ஓட்டம் பதினொரு மணிக்கு முடிந்தது. செல்வம் அண்ணனுக்கு வேறு சவாரி இருந்ததால் தம்புள்ளை பஸ்ஸில் ஏறினேன். எங்கள் ஊர்ப் பஸ்ஸில் பாட்டு போடுவார்கள்; இங்கே பாட்டுக்குள் பஸ்ஸை ஓட்டுகிறார்கள். நாலந்தா என்றால் ஒரு ஊர் மாதிரி ஏதாவது வரும், கடைத்தெரு வரும், இறங்கலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. நாவுல என்று பலகை வந்ததும்தான் தாண்டிவிட்டது தெரிந்தது. கண்டக்டர் சிங்களத்தில் சொன்னதை முன்சீட்டுப் பெண் தமிழில் சொன்னார்: “நாலந்தா நாலந்தான்னு ரெண்டு தரம் கத்துனாராம். நீங்க ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ எழுதிக்கிட்டு இருந்தீங்களாம்.” உண்மைதான். ராணி அக்காவிடம் கேட்க வேண்டிய கேள்விகளைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கப் பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

வடைக்கடை பெரிய ரோட்டோரம் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன இடம். முன்னால் அவித்த சோளம், பின்னால் எண்ணெய்ச் சட்டி. சட்டியருகே அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் நின்றார். குட்டையான, உறுதியான உடம்பு, மேல் வரிசையில் இரண்டு பல் இல்லை. உள்ளே ஒரு கிழவர் பெஞ்சில் உட்கார்ந்து சோள மடலை உரித்துக்கொண்டிருந்தார். நடுநடுவே அவர் சிங்களத்தில் ஏதோ கேட்க, இவர் சிங்களத்தில் அதட்டினார்.

“ராணி அக்காவா?”

என் தோளில் தொங்கிய மடிக்கணினிப் பையைப் பார்த்தார். “எந்த ஆபீஸ்? எங்களுக்குக் கடன் ஒண்ணும் வேணாம்.”

பட்டியலில் முதல் கேள்வி வேறு. ஆனால் அந்த வாக்கியம்தான் வாயில் வந்தது. சொன்னேன்.

கரண்டி நின்றது. “ராக்குன்னு என்னையக் கூப்பிட்டு எத்தன வருசமாச்சு” என்றார். “யாரு புள்ள நீ?”

அப்பா பெயரைச் சொன்னேன். தெரியவில்லை. பேர் போட்டவர், கணக்கப்பிள்ளைக்குக் காய்ச்சல், மழை, முப்பத்திரண்டு கூடை என்று வரிசையாகச் சொன்னேன். பாதியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அந்த ஒல்லிக்குச்சியா! இங்கிலீஷ்ல எண்ணுவானே. வன், டூன்னு. அவன் பேரு தங்கராசா?”

“நீங்க எங்க இருந்து பாத்தீங்க?”

“லொறிக்குள்ள இருந்து.”

கொழுந்து ஏற்ற மடுவத்தில் நின்ற லொறி. உள்ளே வெறுஞ்சாக்குக் குவியல். அதற்குப் பின்னால் ராக்கு. லொறியின் கிளீனர் சுமனபாலதான் இப்போது பெஞ்சில் சோளம் உரிப்பவர். அவருடைய ஊர் நாலந்தா. வீட்டில் சொன்னால் இரண்டு பக்கமும் வெட்டிவிடுவார்கள் என்பதால் இருவரும் ஓடத் தீர்மானித்திருந்தார்கள். ஆனால் மடுவத்தில் ஆள் குறைந்தால் ஐந்து நிமிடத்தில் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். கூடை இருந்தால் தெரியாது. மழை நாளில் கூடையைத்தான் எண்ணுவார்கள். அதனால் மழைக்காக நான்கு நாள் காத்திருந்தார்கள்.

“கூடைய யாரு கொண்டுவந்து வச்சா?” என்று தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

“முத்தம்மாதான். எங்க அண்ணி. எங்கண்ணன் செத்தே ஏழு வருசமாச்சு, இன்னமும் அவரு அடிப்பாருன்னு பயப்படுறா.” வடையைத் திருப்பினார். “உங்க அப்பன் எண்ணுனான். முப்பத்திரண்டு. சரி, லொறி கெளம்பும்னு பாத்தா, திரும்ப மொதல்ல இருந்து வன், டூன்னு ஆரம்பிக்கிறான். எனக்கு மூக்குக்குள்ள சாக்குத் தூசி. மூணாந்தரம் எண்ணியிருந்தான்னா தும்மியிருப்பேன்.”

“ரெண்டு தடவை எண்ணினாரா? நல்லா ஞாபகம் இருக்கா?”

“மூச்சப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தது நானா நீயா?”

எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் தேடியதை, ரயிலேறியதை, செருப்பை, மதிப்பெண் பட்டியலை. மாப்பிள்ளை வராத கதையும் சொன்னேன். அதற்கு மட்டும் சிரித்தார். மிச்சத்துக்குச் சிரிக்கவில்லை. சட்டியில் வடை கறுத்தது. சுமனபால உள்ளிருந்து குரல் கொடுத்த பிறகுதான் அரித்தெடுத்தார்.

“மூணாம் நாள் மத்தியானம் ஊருக்கு ஆள் அனுப்பிட்டோம், நான் இங்க இருக்கேன்னு. அதுக்குள்ள அவன் ரயிலேறிட்டானா?” கையைத் துடைத்துக்கொண்டார். “எங்கம்மா பந்தம் கொளுத்திக்கிட்டு மலையில தேடுச்சுன்னு பிறகு சொன்னாங்க. அத நெனச்சு நான் எத்தனையோ தரம் அழுதிருக்கேன் புள்ள. எண்ணுன பையன ஒரு நாளும் நெனச்சதில்ல. பொய் சொல்லல.”

நான் போனை எடுத்தேன். படத்தோடு பேசலாமா என்றேன்.

“அனே, வேணாம். பல்லில்லாம. நீ பேசு, நான் நிக்கிறேன்.”

ஒலியைக் கூட்டி வைத்தேன். அப்பா இரண்டாவது மணியில் எடுத்தார்.

“அப்பா, ராக்கு வந்துட்டாங்க.”

“எத்தன மணிக்கு?” என்றார்.

அவர் கேட்கக்கூடும் என்று நான் நினைத்து வைத்திருந்த எதிலும் இது இல்லை. நான் ராக்குவைப் பார்த்தேன். அவர் போனுக்குக் கிட்டே குனிந்து, தொலைதூரத்துக்குக் கத்துகிறவர் போலக் கத்தினார்.

“நாலரைக்கு! நீ எண்ண வரக்குள்ளயே லொறியில இருந்தேன்! ரெண்டு தரம் எண்ணுனியே, சாமி, என் உசுரே போச்சு!”

“ரெண்டு தரமா?” என்றார் அப்பா.

“ரெண்டு தரம்!”

சுமனபால பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, யார் என்று சைகையில் கேட்டார். ராக்கு சிங்களத்தில் சொன்னார். அவர் போனைப் பார்த்துத் தலை குனிந்து கும்பிட்டார். அப்பாவுக்கு அது தெரிந்திருக்காது.

“சரி” என்றார் அப்பா. குரலைச் சரிசெய்துகொண்டார். “பேர் போட்டுக்கிறேன்.”

“அரைப் பேரா, முழுப் பேரா?” என்றார் ராக்கு.

“முழுப் பேர்.”

வைத்துவிட்டார். ராக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணெய்ப் புகையைத் திட்டினார். எனக்கு ஆறு வடை கட்டிக் கொடுத்தார். கருகியதில் இரண்டையும் சேர்த்து வைத்திருந்ததை மாத்தளைக்கு வந்துதான் பார்த்தேன். என் பட்டியலில் பதினான்கு கேள்விகள் இருந்தன. மூன்றுதான் கேட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆலையில் கையெழுத்து வாங்கினேன். ரிவர்ஸ்டன் பார்க்கவில்லை என்பதில் நஸார் நானாவுக்கு இன்னும் மனத்தாங்கல். செல்வம் அண்ணன் மூலம் முத்தம்மாவுக்குத் தகவல் அனுப்பினேன்: நான் பெயரை எடுக்கவில்லை, அவர்களாகவே எடுத்துவிட்டார்கள். பதில் வந்தது: “அவ வாய் அப்பவே அப்படித்தான்.”

அம்மா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ராக்கு பார்க்க எப்படி என்று. பல் இரண்டு இல்லை, வடை நன்றாகச் சுடுகிறார் என்றேன். இரட்டை ஜடை உண்டா என்றாள். கொண்டை என்றேன்.

இப்போதைய நிலவரம் இது. இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறது. பெட்டி கோயம்புத்தூரை விட்டே கிளம்பியிருக்கவில்லை. விமானக் கம்பெனிக்காரர்கள் அதைச் சனிக்கிழமை கோத்தகிரி வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார்கள். நான் ஞாயிறு காலைதான் போய்ச் சேர்ந்தேன். பெட்டி முன்கூட்டியே வந்து ஒரு நாள் முழுக்க முன்னறையில் நின்றிருக்கிறது. அம்மா காத்திருந்தாளாம், தம்பியும் காத்திருந்தானாம். அப்பா அதைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.